ஏ.பி.எஸ். விளக்கு எரிகிறதா? ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் பழுதைத் தேடும் முறை

ஏ.பி.எஸ். என்பது, பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. டேஷ்போர்டில் மஞ்சள் நிற ஏ.பி.எஸ். விளக்கு அணையாமல் எரிந்தால், உடனே அதன் பக்கத்தில் இருக்கும் சிவப்பு பிரேக் விளக்கைப் பாருங்கள். மஞ்சள் மட்டும் எரிந்தால் வழக்கமான பிரேக் வேலை செய்யும். வண்டியை ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். ஆனால் அவசரத்தில் மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும் என்பதை நினைவில் வைத்து, முன்னால் போகும் வண்டிக்கு இரு மடங்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள். மழையில் இன்னும் நிதானம் வேண்டும்.

மஞ்சளும் சிவப்பும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம், அல்லது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பும் நின்றுபோயிருக்கலாம். அப்படி நின்றுபோனால், அழுத்திப் பிடிக்கும்போது பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொண்டு வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசும். மலைச் சாலை இறக்கத்தில் இதைச் சோதித்துப் பார்க்கக் கூடாது. ஓரமாக நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் முழுதாக விடுபட்டிருக்கிறதா, ஆயில் டப்பாவில் மட்டம் குறைந்தபட்சக் கோட்டுக்கு மேல் இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குறைந்திருந்தால் ஊற்றிவிட்டுக் கிளம்பக் கூடாது. பிரேக் பேடு தேய்ந்தால் மட்டம் மெல்ல இறங்கும். திடீரென்று இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள். நான்கு சக்கரங்களின் உள்பக்கத்தையும் குனிந்து பாருங்கள். கசிவு தெரிந்தாலோ, மிதி வழக்கத்தைவிடக் கீழே போனாலோ, வண்டியை இழுத்துக்கொண்டு போவதுதான் சரி.

இனி மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது என்று வைத்துக்கொண்டு தொடர்வோம்.

விளக்கு எப்போது எரிந்தது?

ஸ்கேனர் (பழுதுக் குறியைப் படிக்கும் கருவி), மல்டிமீட்டர் (மின் அளவுகளைப் பார்க்கும் மீட்டர்) எதுவும் எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு விடை தேடுங்கள். பழுதைக் கண்டுபிடிப்பதில் பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். பலர் இதைக் கவனிக்காமல் நேரே ஒர்க்‌ஷாப்புக்குப் போய், "விளக்கு எரிகிறது" என்று மட்டும் சொல்கிறார்கள். அப்புறம் அங்கே சொல்லும் விலைதான் விலை.

சாவியைத் திருப்பியதும் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்து, சில விநாடிகளில் அணைய வேண்டும். ஏ.பி.எஸ்.ஸை இயக்கும் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் நேரம் அது. சாவி போட்டதும் விளக்கு எரியவே இல்லையென்றால் அதுவும் கோளாறுதான். பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இதை அவசியம் பாருங்கள். பழுதை மறைக்க விளக்கைக் கழற்றிவிட்டு விற்பவர்கள் உண்டு.

எரிந்த விளக்கு அணையவே இல்லை, வண்டி ஓர் அடிகூட நகரவில்லை என்றால் பழுது மின்சாரப் பக்கம்: ஃபியூஸ், பேட்டரி, அறுந்த வயர், கழன்ற கனெக்டர், உள்ளே அறுந்துபோன சென்சார் (சக்கரத்தின் வேகத்தை அளக்கும் பாகம்), கட்டுப்பாட்டுப் பெட்டி. நிற்கும் வண்டியிலேயே இவற்றைப் பெட்டியால் கண்டறிய முடியும்.

விளக்கு அணைந்துவிட்டது, வண்டி நகர்ந்து சற்று வேகம் எடுத்ததும் மறுபடி எரிகிறது என்றால், வயர் பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, சக்கரத்திலிருந்து வரும் செய்திதான் சரியில்லை. சென்சாரின் முனையில் இரும்புத்தூள், அதன் எதிரே சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தில் விரிசல், இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடியது போன்றவை இந்த வகை.

மேடு பள்ளத்தில் குலுங்கும்போதோ, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடிக்கும்போதோ மட்டும் எரிந்தால், ஆடும் பேரிங்கையும் இழுபடும் வயரையும் சந்தேகியுங்கள்.

இன்னோர் அறிகுறியும் உண்டு. விளக்கே எரியாமல், வண்டி நிற்கப்போகும் கடைசி நேரத்தில், நடக்கும் வேகத்தில் மெதுவாக மிதிக்கும்போது மிதி காலுக்கடியில் தடதடவென்று அதிரும். ஒரு சக்கரத்தின் செய்தி பலவீனமாகி, அந்தச் சக்கரம் பூட்டிவிட்டதாகப் பெட்டி தவறாக எண்ணிக்கொள்வதால் இப்படி நடக்கிறது. துரு ஏறிய வளையமும் விரிசல் விட்ட வளையமும்தான் இதற்கு வழக்கமான காரணம். விளக்கு எரியவில்லையே என்று இதை விட்டுவைக்காதீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் பிரேக் அழுத்தம் குறைகிறது.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலோ அச்சிலோ ஒரு பல் வளையம் சுற்றும். அதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தள்ளி சென்சார் அசையாமல் நிற்கும். பற்கள் கடந்து போகப் போக சென்சாரில் துடிப்புகள் எழும்; துடிப்பின் எண்ணிக்கையே சக்கரத்தின் வேகம். நான்கு வேகங்களையும் பெட்டி ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று வேகம் இழந்தால், அந்தச் சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தை வால்வைக் கொண்டு தளர்த்தி, மறுபடி ஏற்றும். 1978இல் போஷ் நிறுவனத்தின் அமைப்பு மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் காரில் வந்த காலத்திலிருந்து அடிப்படை இதுதான். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து கார்களுக்கு இது கட்டாயமாகிவிட்டது.

நான்கில் ஒரு செய்தியை நம்ப முடியாவிட்டாலும் பெட்டி ஏ.பி.எஸ்.ஸை நிறுத்திவிட்டு விளக்கை எரியவிடும்.

காசு செலவில்லாத சோதனைகள்

பிரேக் மிதியை அழுத்தி, பின்னால் விளக்கு எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மிதிக்கு மேலே இருக்கும் பிரேக் சுவிட்ச் கெட்டாலும் ஏ.பி.எஸ். விளக்கு எரியும். சிறிய பாகம், எளிதில் மாற்றிவிடலாம்.

அடுத்தது பேட்டரி. வண்டி சில மணி நேரம் நின்ற பிறகு அளந்தால் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும்; எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை. மின்னழுத்தம் மிகவும் குறைந்தால் ஏ.பி.எஸ். பெட்டி தன்னை நிறுத்திக்கொள்ளும். ஃபோர் வீல் டிரைவ், அதாவது நான்கு சக்கரத்துக்கும் எஞ்சின் விசை போகும் வண்டி வைத்திருப்பவர்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். சிக்கிய வண்டியைக் கயிறு கட்டி இழுக்கும் மோட்டாரான வின்ச் ஒன்று முழுச் சுமையில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். கூடுதல் விளக்குகளுக்கு எங்கிருந்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். ஃபியூஸ் பெட்டியில் கைக்கு எட்டிய இடத்தில் வயரைச் சொருகிவிட்டுப் போன வண்டிகளில் ஏ.பி.எஸ். விளக்கு எரிவதில் வியப்பில்லை.

ஃபியூஸ்களைக் கண்ணால் பார்த்துவிட்டு நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். பம்ப் மோட்டாருக்கும் வால்வுகளுக்கும் தனித்தனியாகப் பெரிய ஃபியூஸ்கள் பானெட்டுக்குள் இருக்கும். சாவி வழியாக வரும் சிறிய ஃபியூஸ் ஒன்று பெரும்பாலும் வண்டிக்குள் இருக்கும். மூன்றையும் மல்டிமீட்டரால் சோதியுங்கள். போன ஃபியூஸுக்குப் பதில் கூடுதல் ஆம்பியர் உள்ளதைப் போடவே போடாதீர்கள். வயரிங் எரிந்தால் அதன் செலவு சென்சார் விலையைப் போலப் பல மடங்கு.

பிறகு டயர். நான்கும் ஒரே அளவா? பக்கச் சுவரில் இருக்கும் எண்களைப் படியுங்கள். 245/75 ஆர்16 டயரின் விட்டம் ஏறத்தாழ 774 மில்லிமீட்டர். 235/70 ஆர்16 டயரின் விட்டம் 735. பார்வைக்குப் பெரிய வேறுபாடு தெரியாது, ஆனால் சுற்றும் வேகத்தில் 5 சதவீதம் வித்தியாசம் வந்துவிடும். பஞ்சராகி வேறு அளவு ஸ்டெப்னி மாட்டிய பிறகு விளக்கு எரிய ஆரம்பித்திருந்தால் தேடல் அங்கேயே முடிந்தது. நான்கையும் ஒரே மாதிரி பெரிய டயராக மாற்றினால் ஏ.பி.எஸ். ஒப்பீடு பெரிதாகக் குழம்பாது. வேகமானி மட்டும் குறைத்துக் காட்டும். ஒன்று மட்டும் மாறினால்தான் தொல்லை. நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால் அதே வித்தியாசம், எஞ்சின் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் தேய்க்கும்.

பழுதில்லாமலே எரியும் நேரங்கள்

சாதாரண கார்களுக்கு எழுதப்பட்ட வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளின் உரிமையாளர்கள் வீணாகச் செலவு செய்வது பெரும்பாலும் இதனால்தான்.

சேற்றில் சிக்கி, ஒரு சக்கரம் நெடுநேரம் வெறுமனே சுழன்றால், மற்ற சக்கரங்கள் நிற்பதையும் ஒன்று மட்டும் ஓடுவதையும் பார்த்துப் பெட்டி சென்சார் கோளாறு என்று பதிந்துகொள்ளலாம். இரண்டு சக்கரம் தரையில் உருள, சாவி போட்ட நிலையில் இழுத்துக்கொண்டு போனாலும் இதேதான். வண்டியை அணைத்து மறுபடி கிளப்பி, நல்ல சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். அணைந்துவிட்டால் நிம்மதியாக இருக்கலாம்.

நான்கு சக்கர இயக்கத்தின் தாழ்நிலைக்கு மாற்றினால், அதாவது ஃபோர் லோவுக்குப் போனால், பல வண்டிகளில் சறுக்கல் கட்டுப்பாடு தானாக நின்று அதற்குரிய விளக்கு எரியும். வளைந்த கோடுகளோடு கார் படம் போட்ட விளக்கு அது; அதை ஏ.பி.எஸ். விளக்கு என்று நினைத்துப் பதறுபவர்கள் அதிகம். நடு டிஃபரன்ஷியலை (முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பாகம்) பூட்டும் வசதியுள்ள சில பழைய வண்டிகளில், பூட்டியதும் ஏ.பி.எஸ்.ஸே நின்று அதன் விளக்கும் எரியும். டொயோட்டா லேண்ட் க்ரூஸர் 80 வரிசை அப்படிப்பட்டது. பூட்டை விடுவித்ததும் அணைய வேண்டும். உங்கள் வண்டியில் எந்த நிலையில் எந்த விளக்கு எரியும் என்பது கையேட்டில் இருக்கும். காட்டுக்குள் போவதற்கு முன் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு பாகம், ஜி சென்சார். நான்கு சக்கரமும் இயந்திரத்தோடு பிணைந்திருக்கும்போது நான்கும் ஒன்றாக வேகம் குறையும். சக்கரங்களை மட்டும் பார்த்து வண்டியின் உண்மையான வேகத்தைப் பெட்டியால் கணிக்க முடியாது. அதனால் வண்டி முன்னோக்கி எவ்வளவு வேகம் இழக்கிறது என்பதை அளக்கும் சென்சார் ஒன்றைக் கூடுதலாக வைக்கிறார்கள். பல பழைய வண்டிகளில் அது இருக்கைகளுக்கு நடுவே, தரைவிரிப்புக்கு அடியில் திருகியிருக்கும். ஆற்றைக் கடந்து உள்ளே தண்ணீர் ஏறிய வண்டியிலும், தரைவிரிப்பைக் கழற்றி மாட்டிய வண்டியிலும் இதை முதலில் பாருங்கள். திருகு தளர்ந்து சென்சார் சாய்ந்திருந்தாலே போதும், விளக்கு எரியும்.

பழுதுக் குறியைப் படித்தல்

ஸ்டியரிங்குக்குக் கீழே 16 துளையுள்ள சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் சொருகிப் படிக்க வேண்டும். விலை குறைந்த புளூடூத் கருவிகளில் பல, எஞ்சின் குறிகளை மட்டும்தான் படிக்கும். ஏ.பி.எஸ். குறிகள் 'சி' என்ற எழுத்தில் தொடங்கும். அதைப் படிக்கக்கூடியதா என்று கேட்டு வாங்குங்கள். சி0035 முன் இடது சக்கரம், சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது என்பது பொதுவான பட்டியல். நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு எண்களும் உண்டு. யு0121 என்று வந்தால், ஏ.பி.எஸ். பெட்டியோடு மற்ற பெட்டிகள் பேச முடியவில்லை என்று பொருள். ஃபியூஸையும் எர்த்தையும் திரும்பப் பாருங்கள்.

பழைய டொயோட்டா வண்டிகள் பலவற்றில் ஸ்கேனரே தேவையில்லை. அந்த 16 துளை சாக்கெட்டில் 4ஆவது துளையையும் 13ஆவது துளையையும் சிறு வயரால் இணைத்துச் சாவி போட்டால், ஏ.பி.எஸ். விளக்கு சிமிட்டி எண் சொல்லும். மூன்று சிமிட்டு, சிறு இடைவெளி, ஒரு சிமிட்டு என்றால் 31: முன் வலது சென்சார். 32 முன் இடது, 33 பின் வலது, 34 பின் இடது. துளையை எண்ணுவதில் தவறினால் ஃபியூஸோ பெட்டியோ போகும். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

சென்சார் என்று குறி வந்ததும் சென்சாரை வாங்கி மாட்டிவிடக் கூடாது. அந்தச் சக்கரத்திலிருந்து செய்தி வரவில்லை என்று மட்டும்தான் குறி சொல்கிறது. வயரா, வளையமா, பேரிங்கா, சென்சாரா என்பதை நீங்கள்தான் பிரிக்க வேண்டும். ஸ்கேனர் ஓடும் வேகத்தையும் காட்டக்கூடியதாக இருந்தால், துணைக்கு ஒருவரை உட்கார வைத்து, காலியான நேர்ச் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். நான்கு சக்கரத்தின் வேகமும் ஒன்றாக ஏற வேண்டும். ஒன்று மட்டும் பூஜ்யத்திலேயே நின்றாலோ, துள்ளிக் குதித்தாலோ, அதுதான் நாம் தேடும் சக்கரம்.

சக்கரத்தைத் தூக்குதல்

சமதளத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பக் கூடாது. சில ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லாமல் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து போகும் தண்டில் இருக்கும். அப்படிப்பட்ட வண்டி, ஒரு பின்சக்கரத்தைத் தூக்கிய கணமே உருளத் தொடங்கலாம். ஜாக்கியில் தூக்கியதும் ஸ்டாண்டு வைத்துவிட்டுத்தான் கையை உள்ளே விட வேண்டும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். எஞ்சினைப் போட்டுச் சுற்ற வைத்தால் தரையில் இருக்கும் சக்கரங்களும் இழுத்து, வண்டி ஸ்டாண்டிலிருந்து பாய்ந்துவிடும்.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். தடக் தடக் என்று ஆடினால் பேரிங். அதைச் சரிசெய்யாமல் சென்சார் மாற்றுவது வீண். பேரிங் ஆடினால் வளையமும் ஆடும், இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

பிறகு வயரைச் சென்சாரிலிருந்து வண்டியின் சட்டம் (சேஸிஸ்) வரை விரலால் தடவிக்கொண்டே போங்கள். வண்டியின் உயரத்தைக் கூட்டியிருந்தால் இங்கேதான் பழுது இருக்க வாய்ப்பு அதிகம். உயரம் கூட்டும்போது ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் மாற்றுகிறார்கள், சென்சார் வயரின் நீளத்தை யாரும் நினைப்பதில்லை. பாறையில் ஏறும்போது சக்கரம் முழுதாகத் தொங்கினால் வயர் விறைத்து, வெளியுறை நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே கம்பி அறுந்துவிடும். சக்கரம் தொங்கும் நிலையில் வயர் தளர்வாக இருக்கிறதா என்று பாருங்கள். விறைப்பாக இருந்தால் கிளிப்பின் இடத்தை மாற்றித் தளர்வு கொடுங்கள்.

இனி சென்சார். பெரும்பாலும் ஒற்றை போல்ட்தான். கழற்றி நேராக இழுக்க வேண்டும். வரவில்லையென்றால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காத்திருந்து, இடமும் வலமுமாக மெல்லத் திருப்புங்கள். திருப்புளியால் நெம்பினால் பிளாஸ்டிக் உடைந்து பாதி உள்ளேயே நின்றுவிடும். வெளியே வந்த முனையில் மீசை போல இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்தாலே போதும். பலருடைய விளக்கு இத்தோடு அணைந்துவிடும். சென்சார் உட்காரும் இடத்தில் துரு ஏறியிருந்தால் அதையும் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். துரு தடிக்கத் தடிக்க சென்சார் வளையத்தை விட்டு விலகிக்கொண்டே போகும். துளை வழியே டார்ச் அடித்து, சக்கரத்தைச் சுற்றி, ஒவ்வொரு பல்லையும் பாருங்கள். பற்களுக்கு நடுவே காய்ந்த சேறு இருந்தால் பிரஷால் தட்டி எடுங்கள். விரிசல் இருந்தால் வளையத்தை மாற்றியே ஆக வேண்டும்.

புதிய வண்டிகளில் பல் வளையத்துக்குப் பதிலாக, பேரிங்கின் சீலிலேயே காந்தப் பட்டை இருக்கும். பேரிங் மாற்றிய மறுநாளே விளக்கு எரிந்தால், பேரிங்கைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். மாட்டும் முன் ஒரு சிறு குண்டூசியை இரு பக்கமும் வைத்துப் பார்த்தால், காந்தப் பட்டை உள்ள சீல் அதை மெல்ல ஈர்க்கும். அந்தப் பக்கம்தான் சென்சாரை நோக்கி இருக்க வேண்டும்.

மல்டிமீட்டரால் அளத்தல்

சென்சார்களில் இரண்டு வகை. பழைய வகையில் காந்தமும் கம்பிச்சுருளும் மட்டும் இருக்கும். தானே மின்சாரம் எழுப்பும். புதிய வகைக்குப் பெட்டியிலிருந்து மின்சாரம் போக வேண்டும். இரண்டிலும் இரண்டு வயர்தான் இருக்கக்கூடும் என்பதால் பார்த்துச் சொல்ல முடியாது. கனெக்டரைப் பிரித்து, சாவி போட்டு, வண்டிப் பக்கத்து வயரில் அளந்து பாருங்கள். பேட்டரி அழுத்தத்துக்குப் பக்கத்தில் வந்தால் புதிய வகை.

பழைய வகையானால் சென்சாரின் இரு முனைகளுக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். பெரும்பாலும் 800 முதல் 2,000 ஓம் வரை இருக்கும். சரியான எண் தெரியாவிட்டால், நான்கு சக்கரத்தையும் அளந்துவிடுங்கள். முன் இரண்டும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும், பின் இரண்டும் அதேபோல. எது தனித்து நிற்கிறதோ அதுதான் கெட்டது. பிறகு மீட்டரை ஏ.சி. வோல்ட்டுக்கு மாற்றி, சக்கரத்தை விநாடிக்கு ஒரு சுற்று வீதம் கையால் சுற்றுங்கள். சிறு மின்னழுத்தம் எழுந்து, வேகம் கூடக் கூட ஏற வேண்டும். ஓம் சரியாக இருந்து, சுற்றும்போது ஒன்றும் எழவில்லையென்றால் வளையத்தையோ இடைவெளியையோதான் பார்க்க வேண்டும்.

புதிய வகையை ஓம் வைத்து அளக்காதீர்கள். விடை பயன்படாது, உள்ளே இருக்கும் மின்னணுவும் கெடலாம். அங்கே வேறு வழி: இடது, வலது சென்சார்கள் ஒரே மாதிரி இருந்தால் இடம் மாற்றி மாட்டி, குறியை அழித்து, ஓட்டிப் பாருங்கள். குறி மறுபக்கத்துக்குப் போனால் சென்சார் கெட்டது. பழைய பக்கத்திலேயே நின்றால் வயரோ வளையமோ. இந்த ஒரு சோதனை, தேவையில்லாமல் சென்சார் வாங்கும் செலவைத் தவிர்க்கும்.

பெட்டியே போய்விட்டது என்று சொன்னால்

அப்படியும் நடக்கும்தான். ஆனால் அது கடைசியாக வர வேண்டிய முடிவு. பல இடங்களில் அதை முதலில் சொல்கிறார்கள். ஏ.பி.எஸ். பெட்டியின் கனெக்டரில் மின்சாரம் வருகிறதா, எர்த் வயர் சட்டத்தைத் தொடும் இடத்தில் துரு இல்லாமல் இருக்கிறதா, கனெக்டருக்குள் பச்சை பூத்திருக்கிறதா என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் பெட்டியை மாற்றச் சம்மதிக்காதீர்கள். வால்வுகளும் பம்பும் இருக்கும் பகுதியை வீட்டில் பிரிக்கவே கூடாது. அதை மாற்றினால் பிரேக் லைனிலிருந்து காற்றை எடுக்கவும், பல வண்டிகளில், வால்வுகளை இயக்கக்கூடிய ஸ்கேனர் வேண்டும்.

சரளைக்கல் பாதையில் ஏ.பி.எஸ். இருந்தால் நிற்கும் தூரம் கூடும் என்று சொல்லி ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. பூட்டிய சக்கரம் கல்லைக் குவித்து முட்டுக் கொடுப்பதால் அங்கே சீக்கிரம் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் ஃபியூஸோடு சேர்ந்து முன் பின் விசைப் பங்கீடும் போய்விடும். வால்பாறை, கொல்லிமலை போன்ற கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டியோடு இறங்குவது ஆபத்து. பழுதை அறியும் வரைக்கும்கூட அப்படிச் செய்யாதீர்கள்.

சரிசெய்த பிறகு

எல்லாவற்றையும் மாட்டியதும் வீல் நட்டுகளைக் குறுக்கு வரிசையில் இறுக்கி, குறியை அழியுங்கள். சில வண்டிகளில் குறியை அழித்தாலும் விளக்கு உடனே அணையாது. பெட்டி நான்கு சக்கரத்தையும் ஓட்டத்தில் பார்த்த பிறகுதான் அணைக்கும். காலியான, நேரான சாலையில் மெதுவாக வேகம் எடுங்கள். கிளம்பிய சற்று நேரத்தில் பானெட் பக்கம் ஒரு சிறு உறுமல் கேட்கலாம். பம்ப் தன்னைச் சோதிக்கும் சத்தம் அது.

பின்னால் வண்டி எதுவும் வரவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, ஈரமான அல்லது மண் படிந்த இடத்தில் 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து பிரேக்கை முழுதாக அழுத்துங்கள். மிதி காலுக்கடியில் துடிக்க, ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்டபடி வண்டி நேராக நிற்க வேண்டும். பிறகு ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து மெதுவாக ஒரு வட்டம் அடியுங்கள், ஒரு மேட்டிலும் பள்ளத்திலும் ஏற்றி இறக்குங்கள். விளக்கு மறுபடி எரிந்தால் அப்போது என்ன வேகம், எந்தப் பக்கம் திரும்பினீர்கள், எந்தக் குலுக்கலில் எரிந்தது என்பதை அங்கேயே எழுதி வைத்துக்கொண்டு, குறியை அழிக்காமல் மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.